திறன்பேசித் துணைக்கருவிகள்

திறன்பேசித் துணைக்கருவிகள் என்பன திறன்பேசியின் உள்ளுறுப்பாக அமையாமல், அதனுடன் இணைத்தோ அதன்மேல் பொருத்தியோ பயன்படுத்தப்படும் பொருட்கள் ஆகும். மின்னேற்றி (சார்ஜர்), மின்வடம் (கேபிள்), பவர் பேங்க், உறை, திரைக்காப்பு, நினைவக அட்டை, இயர்போன் ஆகியவை இவற்றுள் பரவலாகப் பயன்படுபவை. இவற்றுட் சில மின்சாரத்தைக் கையாளுகின்றன. சில பேசியை அடிபடாமல் காக்கின்றன. வேறு சில அதன் கொள்ளளவையும் பயனையும் கூட்டுகின்றன.

ஒரு துணைக்கருவி பேசியின் துளையில் பொருந்துவதும், அப்பேசிக்கு ஏற்றதாக இருப்பதும் ஒன்றல்ல. ஒரே வடிவமுடைய இரு மின்வடங்களுள் ஒன்று 60 வாட் வரையும் மற்றொன்று 240 வாட் வரையும் மின்திறனைக் கடத்தலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே இவற்றைத் தெரிவு செய்யும்போது வடிவம், நிறம் என்பவற்றைவிட, பொருளின் மீது அச்சிடப்பட்ட எண்களும் அவை சார்ந்த தரங்களும் முதன்மை பெறுகின்றன. இது பணத்தைச் சேமிப்பதுடன் மட்டும் தொடர்புடையதன்று. தரமற்ற மின்னேற்றியும் பழுதுற்ற மின்கலமும் மின்னதிர்ச்சிக்கும் தீவிபத்துக்கும் காரணமாகக்கூடும்.

வரலாறு

2000களின் முற்பகுதியில் நகர்பேசி நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தமக்கெனத் தனி இணைப்பு முனையைப் பயன்படுத்தின. ஒரு நிறுவனத்தின் மின்னேற்றி மற்றொன்றின் பேசிக்குப் பயன்படவில்லை. சீனா 2006 ஆம் ஆண்டில் பேசி மின்னேற்றிகளுக்குப் பொதுத் தரம் ஒன்றை வெளியிட்டது. 2009 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆணையத்தின் முயற்சியால் முன்னணி நிறுவனங்கள் மைக்ரோ யூ.எஸ்.பி. முனையைப் பொதுவாக ஏற்பதாகத் தாமாக முன்வந்து உடன்பட்டன. ஆப்பிள் நிறுவனம் 2012 இல் லைட்னிங் என்னும் தனி முனையை அறிமுகப்படுத்தியது.

இருபுறமும் திருப்பிச் செருகத்தக்கதும் 24 தொடுமுனைகளை உடையதுமான யூ.எஸ்.பி. டைப்-சி முனையின் வரையறை 2014 இல் வெளியானது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் இயற்றிய சட்டத்தின்படி, 2024 டிசம்பர் 28 முதல் அங்கு புதிதாக விற்பனைக்கு வரும் திறன்பேசிகள் டைப்-சி முனையைக் கொண்டிருத்தல் கட்டாயமாயிற்று. ஆப்பிளும் 2023 செப்டம்பரில் வெளியிட்ட ஐபோன் 15 இல் இருந்து இம்முனைக்கு மாறியது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் டைப்-சிக்கான இந்தியத் தரத்தை 2023 சனவரியில் அறிவித்தது.

இம்மாற்றத்தால் முனையின் வடிவம் ஒன்றாகிவிட்டது. ஆனால் அவ்வடிவத்தினுள் அடங்கும் திறன்கள் பலவாக உள்ளன. முன்பு பொருந்தாத மின்னேற்றியைக் கண்ணால் கண்டே ஒதுக்க முடிந்தது. இப்போது எல்லாமே பொருந்துவதால் அச்சிட்ட விவரங்களைப் படித்தே வேறுபாட்டை அறிய வேண்டியுள்ளது.

மின்னேற்றி

மின்னேற்றி என்பது சுவர்ச் செருகியிலிருந்து வரும் மாறுமின்னோட்டத்தைக் குறைந்த அழுத்தமுடைய நேர்மின்னோட்டமாக மாற்றித் தரும் கருவி ஆகும். இதன் மேற்புறத்தில் உள்ளீடு, வெளியீடு என இரு வரிகள் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் வரை எனக் குறிக்கப்பட்டிருந்தால், பெரும்பாலான நாடுகளில் அதனைப் பயன்படுத்தலாம். முனையின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் மட்டும் தேவைப்படும்.

வெளியீட்டு வரியில் உள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 5 வோல்ட், 2 ஆம்பியர் எனில் 10 வாட். 9 வோல்ட், 2 ஆம்பியர் எனில் 18 வாட். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் எனில் 65 வாட்.

அதிக வாட் உடைய மின்னேற்றி பேசியைக் கெடுத்துவிடும் என்னும் அச்சம் பரவலாகக் காணப்படுகிறது. தரத்துக்கு இணங்கிய கருவிகளைப் பொறுத்தவரை இது சரியன்று. மின்னழுத்தத்தை மின்னேற்றி வழங்குகிறது. மின்னோட்டத்தின் அளவைப் பேசியே தீர்மானிக்கிறது. டைப்-சி மின்னேற்றி 5 வோல்ட்டிலேயே தொடங்குகிறது. பின்னர் பேசியும் மின்னேற்றியும் தமக்குள் செய்தி பரிமாறிக்கொண்டு, இரண்டுக்கும் இயலும் அழுத்தத்தைத் தெரிவு செய்கின்றன. ஆகவே 65 வாட் மின்னேற்றியில் 18 வாட் பேசியை இணைத்தால் அது 18 வாட் அளவையே எடுத்துக்கொள்ளும்.

இச்செய்திப் பரிமாற்றத்துக்கான பொது நெறிமுறை யூ.எஸ்.பி. பவர் டெலிவரி எனப்படும். 2012 இல் வெளியான இதன் உச்ச அளவு 100 வாட்டாக இருந்து, 2021 இல் 240 வாட்டாக உயர்த்தப்பட்டது. இதனைத் தவிர நிறுவனங்களின் தனி நெறிமுறைகளும் உள்ளன. குவால்காமின் குவிக் சார்ஜ், ஆப்போவின் வூக் ஆகியவை இத்தகையன. தனி நெறிமுறையில் விரைவாக மின்னேறும் பேசி, வேறு நிறுவனத்தின் மின்னேற்றியுடன் இணைக்கப்படும்போது குறைந்த வேகத்திலேயே மின்னேறக்கூடும். பெட்டியில் 80 வாட் என்றிருந்தும் பேசி மெதுவாக மின்னேறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாகும்.

போலி மின்னேற்றிகளின் முதன்மை ஆபத்து அவற்றின் மின்காப்பில் உள்ளது. 230 வோல்ட் பகுதிக்கும், பயனர் தொடக்கூடிய 5 வோல்ட் பகுதிக்கும் இடையே போதிய இடைவெளியும் காப்புப் பொருளும் இருத்தல் வேண்டும். விலையைக் குறைப்பதற்காக இவை சுருக்கப்படும்போது, வீட்டு மின்னழுத்தம் நேரடியாக மின்வடத்துக்கு வந்துசேர வாய்ப்புண்டு. அமெரிக்காவின் யூ.எல். நிறுவனம் 2016 இல் 400 போலி ஆப்பிள் மின்னேற்றிகளைச் சோதித்தபோது, மின்காப்புச் சோதனையில் 3 மட்டுமே தேறின.

இந்தியாவில் மின்னேற்றி, பவர் பேங்க் ஆகியவை கட்டாயப் பதிவுக்கு உட்பட்டவை. பதிவு பெற்ற பொருளில் தர நிர்ணய அமைவனத்தின் குறியும், ஆர் என்னும் ஆங்கில எழுத்துடன் தொடங்கும் பதிவு எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். குறியை எவரும் அச்சிட்டுவிடலாம் என்பதால், அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணை உள்ளிட்டு உற்பத்தியாளர் பெயரைச் சரிபார்ப்பது பாதுகாப்பானது.

மின்வடம்

டைப்-சி மின்வடங்கள் 3 ஆம்பியர், 5 ஆம்பியர் என இரு வகைப்படும். 3 ஆம்பியர் வடம் 60 வாட் வரை கடத்தும். அதற்கு மேற்பட்ட திறனைக் கடத்தும் வடத்தில், தன் கொள்திறனை மின்னேற்றிக்கு அறிவிக்கும் சிறு சில்லு ஒன்று பொதிக்கப்பட்டிருக்க வேண்டும். இச்சில்லு இல்லாத வடத்தை 100 வாட் மின்னேற்றியில் செருகினாலும் 60 வாட்டுக்கு மேல் கிடைக்காது.

மின்திறனும் தரவு வேகமும் தனித்தனியானவை. 240 வாட் கடத்தும் வடமும் நொடிக்கு 480 மெகாபிட் என்னும் பழைய யூ.எஸ்.பி. 2.0 வேகத்திலேயே தரவை மாற்றலாம். மின்னேற்றத்துக்கு மட்டும் பயன்படுத்துவோருக்கு இது குறையன்று. ஒளிப்படங்களையும் நிகழ்படங்களையும் கணினிக்கு மாற்றுவோர் தரவு வேகத்தையும் கவனித்தல் வேண்டும்.

ஒரு முனையில் பழைய தட்டை யூ.எஸ்.பி. செருகியும் மறுமுனையில் டைப்-சியும் உடைய வடத்தில் 56 கிலோ ஓம் மின்தடை ஒன்று அமைந்திருக்க வேண்டும். மறுமுனையில் இருப்பது பழைய வகை மூலம் என்பதை இத்தடையே பேசிக்குத் தெரிவிக்கிறது. தவறான தடை இருந்தால், தாங்கவியலாத பழைய மின்னேற்றியிலிருந்தும் பேசி 3 ஆம்பியர் இழுக்க முயலும். மின்னேற்றியோ கணினியின் துளையோ பழுதாகக்கூடும். கூகுள் பொறியாளரான பென்சன் லியூங் 2015 இல் இணையவழி விற்கப்பட்ட வடங்களை வாங்கிச் சோதித்து, தரத்துக்கு ஒவ்வாதவற்றைப் பொதுவில் அறிவித்துவந்தார். 2016 பிப்ரவரியில் அவ்வாறு சோதித்த வடம் ஒன்றில் கம்பிகள் மாற்றி இணைக்கப்பட்டிருந்ததால் அவருடைய மடிக்கணினியே பழுதுற்றது. அதற்கடுத்த மாதம் அமேசான் நிறுவனம் தரத்துக்கு இணங்காத டைப்-சி வடங்களைத் தன் தளத்தில் விற்கத் தடை விதித்தது.

பவர் பேங்க்

பவர் பேங்க் என்பது லித்தியம் மின்கலங்களையும் கட்டுப்பாட்டுச் சுற்றையும் உடைய, கையில் எடுத்துச் செல்லத்தக்க மின்சேமிப்புக் கருவி ஆகும். இதன் கொள்ளளவு மில்லி ஆம்பியர் மணி என்னும் அலகில் பெரிதாக அச்சிடப்படுகிறது. இந்த எண் உள்ளிருக்கும் கலத்தின் 3.7 வோல்ட் அழுத்தத்தில் அளக்கப்படுவது. வெளியே வரும் அழுத்தமோ 5 வோல்ட் அல்லது அதற்கு மேற்பட்டது. ஆகவே 10,000 மில்லி ஆம்பியர் மணி என்பதை 3.7 ஆல் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் கிடைக்கும் 37 வாட்-மணியே இதன் உண்மையான ஆற்றல் அளவாகும்.

5,000 மில்லி ஆம்பியர் மணி மின்கலம் உடைய பேசியில் ஏறத்தாழ 19 வாட்-மணி ஆற்றல் அடங்கும். கணக்கின்படி 37 வாட்-மணி பவர் பேங்கால் அதனை இருமுறை நிரப்பலாம் எனத் தோன்றும். ஆனால் அழுத்தத்தை மாற்றும்போதும் பேசியின் உள்ளேயும் ஒரு பகுதி வெப்பமாக இழக்கப்படுவதால், நடைமுறையில் ஏறத்தாழ ஒன்றரை முறையே நிரப்ப இயலும். சில நிறுவனங்கள் 5 வோல்ட்டில் கிடைக்கும் அளவையும் சிறிய எழுத்தில் அச்சிடுகின்றன. வாங்குவோர் ஒப்பிட வேண்டியது அந்தச் சிறிய எண்ணையே ஆகும்.

வானூர்தியில் பவர் பேங்கைக் கைப்பையில் மட்டுமே எடுத்துச் செல்லலாம். சரக்கறைக்கு அனுப்பும் பெட்டியில் வைத்தல் கூடாது. 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதிக்கப்படுகிறது. 100 முதல் 160 வரை உள்ளவற்றுக்கு விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 27,000 மில்லி ஆம்பியர் மணி உடையது 99.9 வாட்-மணி ஆகும் என்பதால், சந்தையில் பல பவர் பேங்குகள் இவ்வளவோடு நிற்கின்றன.

2025 சனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்கே விமான நிலையத்தில், புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானம் ஒன்று தீப்பற்றி எரிந்தது. அதில் இருந்த 176 பேரும் வெளியேற்றப்பட்டனர். பயணிகளின் பைகளை வைக்கும் மேல்தட்டில் இருந்த பவர் பேங்க் ஒன்றின் உட்காப்புப் பழுதே காரணமாக இருக்கக்கூடும் எனப் புலனாய்வாளர்கள் தெரிவித்தனர். இதையடுத்து 2025 மார்ச் 1 முதல் தென்கொரியா பவர் பேங்கை மேல்தட்டில் வைப்பதைத் தடை செய்தது. சிங்கப்பூர் ஏர்லைன்சு 2025 ஏப்ரல் 1 முதலும், எமிரேட்சு 2025 அக்டோபர் 1 முதலும் பயணத்தின்போது அவற்றைப் பயன்படுத்தத் தடை விதித்தன. விதிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால் பயணத்துக்கு முன் அவற்றை அறிந்துகொள்வது நலம்.

கம்பியில்லா மின்னேற்றமும் காந்தங்களும்

கம்பியில்லா மின்னேற்றம் மின்காந்தத் தூண்டல் முறையில் இயங்குகிறது. மின்னேற்றித் தட்டில் உள்ள கம்பிச்சுருள் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்க, பேசியின் பின்புறமுள்ள சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. இதற்கான பொதுத் தரத்தை 2008 இல் தொடங்கப்பட்ட வயர்லெஸ் பவர் கன்சார்ட்டியம் வகுத்துள்ளது. இரு சுருள்களும் நேராக அமையாவிட்டால் ஆற்றல் வீணாகிப் பேசி சூடாகும். இக்குறையைப் போக்கக் காந்த வளையத்தால் இடத்தை நிலைப்படுத்தும் முறை 2023 இல் பொதுத் தரத்தில் சேர்க்கப்பட்டது. அவ்வாறு அமைந்தாலும், கம்பிவழி மின்னேற்றத்தைவிட இதில் இழப்பு மிகுதி.

மகிழுந்தில் பேசியை நிறுத்துவதற்காக உறையினுள் உலோகத் தகடு வைப்போர் உள்ளனர். அத்தகடு சுருள்களுக்கு இடையே அமைந்தால் மின்னேற்றம் தடைபடுவதுடன் தகடும் சூடேறும்.

இதயமுடுக்கி பொருத்தியவர்கள் காந்தம் உள்ள பேசிகளையும் துணைக்கருவிகளையும் குறித்துக் கவனமாக இருத்தல் வேண்டும். வலுவான காந்தம் அருகில் வந்தால் சில இதயமுடுக்கிகள் தம் இயங்குநிலையை மாற்றிக்கொள்ளும். பேசிகளையும் திறன் கடிகாரங்களையும் குறைந்தது 15 சென்ரிமீட்டர் தொலைவில் வைக்குமாறு அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2021 இல் பரிந்துரைத்தது. இதன்படி, சட்டையின் மார்புப் பையில் பேசியை வைப்பதை இவர்கள் தவிர்க்க வேண்டும்.

உறை

உறைகள் பெரும்பாலும் மென்மையான நெகிழி வகையாலோ, கடினமான பாலிகார்பனேட்டாலோ, இரண்டும் சேர்ந்தோ செய்யப்படுகின்றன. மென்பொருள் அதிர்ச்சியை உள்வாங்குகிறது; கடினப் பொருள் வளையாமல் காக்கிறது. ஒளிபுகும் மென் உறைகள் புற ஊதாக் கதிராலும் வெப்பத்தாலும் நாளடைவில் மஞ்சள் நிறம் அடைகின்றன.

பேசி பெரும்பாலும் மூலை படுமாறு விழுந்து சேதமடைகிறது. எனவே மூலைகளில் தடிப்பும், திரையையும் படக்கருவியையும் விடச் சற்று உயர்ந்த விளிம்பும் உள்ள உறையே பயனுள்ளது. படைத்துறைத் தரம் என்னும் விளம்பரம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் மில்-எஸ்.டி.டி-810 ஆவணத்தைக் குறிக்கும். இதிலுள்ள வீழ்ச்சிச் சோதனையில் பொருள் 1.22 மீட்டர் உயரத்திலிருந்து 6 முகங்கள், 12 விளிம்புகள், 8 மூலைகள் என 26 முறை விழச் செய்யப்படுகிறது. இந்த 26 வீழ்ச்சிகளை 5 மாதிரிகள் வரை பகிர்ந்துகொள்ளலாம். இதற்குச் சான்றளிக்கும் அரசு அமைப்பு எதுவும் இல்லை. நிறுவனமே சோதித்து நிறுவனமே அறிவிக்கிறது.

திரைக்காப்பு

கண்ணாடித் திரைக்காப்பு கடைகளில் டெம்பர்டு கிளாஸ் என வழங்கப்படுகிறது. பேசி விழும்போது இக்கண்ணாடி தான் உடைந்து அடியிலுள்ள திரையைக் காப்பதே இதன் நோக்கம். ஆகவே உடைந்த திரைக்காப்பு தரமற்றது எனக் கருத வேண்டியதில்லை.

இதன் பெட்டியில் காணப்படும் 9எச் என்பது பென்சில் கடினத்தன்மை அளவைச் சார்ந்தது. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோசு அளவுகோலைச் சார்ந்ததன்று. மோசு அளவில் வைரம் 10, மணலிலுள்ள குவார்ட்சு 7. கண்ணாடி இதற்கும் கீழ்ப்பட்டது. எனவே 9எச் எனக் குறித்த கண்ணாடியிலும் மணற்றுகள் கீறலிடும்.

சில பேசிகளில் கைரேகை உணரி திரையின் அடியில் அமைந்துள்ளது. தடித்த காப்பு இதன் செயலைத் தடுக்கலாம். 2019 அக்டோபரில் சாம்சங் கேலக்சி எஸ்10, நோட் 10 வரிசைப் பேசிகளில் சிலவகைச் சிலிக்கோன் காப்புகளின் மேற்பரப்புக் கோலத்தை உணரி கைரேகை எனக் கொண்டு, பதிவு செய்யாத விரலுக்கும் பேசியைத் திறந்துவிட்டது. நிறுவனம் இதனை ஒப்புக்கொண்டு மென்பொருள் திருத்தம் வெளியிட்டது. விலை குறைந்த துணைக்கருவி ஒன்று பேசியின் பூட்டையே பயனற்றதாக்கக்கூடும் என்பதற்கு இது சான்றாகும். காப்பை மாற்றிய பின் கைரேகையை மீண்டும் பதிவு செய்து, வேறொருவர் விரலால் திறக்கிறதா எனச் சோதிப்பது நல்லது.

நினைவக அட்டை

நினைவக அட்டைக்கான துளை எல்லாப் பேசிகளிலும் இல்லை. துளை உள்ள பேசிகளுக்கு அட்டை வாங்கும்போது கொள்ளளவுடன் வேகக் குறியையும் காண வேண்டும். யூ1 குறி நொடிக்குக் குறைந்தது 10 மெகாபைட் எழுதும் வேகத்தையும், யூ3 குறி 30 மெகாபைட்டையும் குறிக்கின்றன. ஏ1, ஏ2 ஆகிய குறிகள் செயலிகளை அட்டையிலிருந்தே இயக்குவதற்கான தகுதியைக் காட்டுவன.

போலி அட்டைகளில் உள்ளிருக்கும் சில்லு தன் கொள்ளளவைப் பெருக்கிக் காட்டுமாறு மாற்றப்பட்டிருக்கும். உண்மைக் கொள்ளளவு நிரம்பிய பின்னும் அட்டை கோப்புகளை ஏற்பதுபோலத் தோன்றும். ஆனால் அவை அழிந்துபோகும். இழப்பு பல மாதங்கள் கழித்தே தெரியவருவதால், புதிய அட்டையை முழுதும் நிரப்பி மீண்டும் படித்துப் பார்க்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருட்களால் முதலில் சோதிப்பது ஏற்றது.

இயர்போன்

2016 இல் வெளியான ஐபோன் 7 இல் 3.5 மில்லிமீட்டர் ஒலித்துளை நீக்கப்பட்டது. பின்னர் வேறு பல நிறுவனங்களும் அதனை நீக்கின. இத்தகைய பேசிகளில் பழைய இயர்போனைப் பயன்படுத்த டைப்-சி மாற்றி தேவை. எண்ணிம ஒலியை மாற்றும் சில்லு உள்ள மாற்றி, அது இல்லாத மாற்றி என இவை இருவகைப்படும். இரண்டாம் வகை எல்லாப் பேசிகளிலும் வேலை செய்யாது.

உலக சுகாதார அமைப்பின் அளவின்படி 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபெல் எனில் அது 4 மணி நேரமாகக் குறைகிறது. வெளியோசையைத் தடுக்கும் இயர்போன், இரைச்சலான பேருந்திலும் ஒலியைக் கூட்டாமல் கேட்க உதவுவதால் செவிக்கு நன்மை தரும். சாலையில் நடப்போருக்கு அதுவே ஆபத்தாகலாம்.

தெரிவு செய்யும் ஒழுங்கு

துணைக்கருவிகளுக்கு ஒதுக்கும் தொகை குறைவாயின் பின்வரும் ஒழுங்கைப் பின்பற்றலாம்.

1. பேசியின் கையேட்டில் அது ஏற்கும் மின்னேற்ற நெறிமுறையையும் உச்ச வாட்டையும் அறிதல்.
2. வீட்டில் ஏற்கெனவே உள்ள மின்னேற்றியின் வெளியீட்டு வரியைப் படித்து, அது போதுமா எனப் பார்த்தல். போதுமாயின் புதியது தேவையில்லை.
3. வாங்க வேண்டியிருந்தால் மின்னேற்றி, வடம், பவர் பேங்க் ஆகியவற்றின் பதிவு எண்ணையும் திறனையும் சரிபார்த்தல். சிக்கனம் செய்வதற்கு ஏற்ற இடம் இதுவன்று.
4. உறை, திரைக்காப்பு ஆகியவற்றில் சிக்கனம் செய்யலாம். இவை குறைந்த விலையில் வாங்கினாலும் பெரும்பாலும் பயன் தருவன.
5. நினைவக அட்டை, இயர்போன் ஆகியவற்றைத் தேவை உணர்ந்த பின் வாங்குதல்.

பழுதறிதலும் கழிவகற்றலும்

முனையருகே உறை கிழிந்த வடம், தொடவியலாத அளவு சூடேறும் மின்னேற்றி, உப்பிய பவர் பேங்க் ஆகியவற்றின் பயன்பாட்டை உடனே நிறுத்த வேண்டும். மின்கலத்தினுள் வாயு உண்டாவதே உப்புதலுக்குக் காரணம். அதனைக் குத்தியோ அழுத்தியோ வாயுவை வெளியேற்ற முயன்றால் தீப்பற்றும். இத்தகைய கலத்தை வீட்டுக் குப்பையில் இட்டால், குப்பையை அழுத்தும் ஊர்தியினுள்ளும் அது எரியக்கூடும்.

பயன்படுத்தாமலும் தூக்கியெறியப்பட்டும் கழியும் மின்னேற்றிகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 11,000 டன் மின்கழிவாகின்றன என ஐரோப்பிய ஆணையம் மதிப்பிட்டது. பொது மின்னேற்றிச் சட்டத்துக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. இந்தியாவில் மின்கழிவு மேலாண்மை விதிகள், 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பழைய கருவிகளை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை இவை உற்பத்தியாளருக்கு அளிக்கின்றன. மின்கலங்களுக்கெனத் தனி விதிகளும் 2022 இல் வெளியாயின. உற்பத்தியாளரின் சேகரிப்பு மையத்திலோ பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ இவற்றை ஒப்படைக்கலாம்.